கடன்பட்டவனின் பெயர்: வார்லாக் பாத்திரங்களுக்குப் பெயரிடுவது எப்படி?

வார்லாக்குக்குப் பெயர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஓசையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முன்னால் ஒரு 'மகா', நடுவில் கரகரப்பாக இரண்டு அசை, கடைசியில் 'அசுரன்' அல்லது 'காலன்'. பெயர் தயார். இப்படிச் செய்த பெயரை அரக்கனுக்கும் வைக்கலாம், கொள்ளைக்கூட்டத் தலைவனுக்கும் வைக்கலாம், கதாநாயகன் ஏறிவரும் குதிரைக்கும் வைக்கலாம். யாருக்கு வைத்தாலும் பொருந்துகிற பெயர் வார்லாக்குக்கு ஆகாது.

வார்லாக் எந்த வகையில் தனி என்பதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். முனிவர் தவத்தால் ஆற்றல் பெறுகிறார். மந்திரவாதி ஏடு படித்துக் கற்கிறான். வார்லாக் கடன் வாங்குகிறான். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் இந்த வகுப்பு 2004இல் ஒரு துணை நூலில் வந்தது, 2008இல் வெளியான நான்காம் பதிப்பில் மூல நூலுக்குள் ஏறியது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, வார்லாக்கை உருவாக்கும் ஆட்டக்காரரிடம் யாரோடு ஒப்பந்தம் என்று கேட்கிறது. வனதேவதைகளின் அரசனா, நரகத்துப் பிசாசா, மனித அறிவுக்கு எட்டாத பழம்பெரும் சக்தியா? நம் கதைகளின் மாந்திரீகன் குட்டிச்சாத்தானை வசியம் செய்து ஏவல் வாங்குவான். அங்கே எசமான் அவன். வார்லாக்குக்கு எசமான் வேறொருவர்.

ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க ஒரே கேள்வியைத்தான் சுற்றி வரும்: இந்தப் பெயரை வைத்தது யார்? பெற்றவளா, ஊரா, எசமானா, அவனே வைத்துக்கொண்டதா? ஒரு நல்ல வார்லாக்குக்கு இவற்றில் குறைந்தது இரண்டு பெயராவது இருக்கும். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதுதான் அவன் கதை.

பெற்றவள் வைத்த பெயர்

ஆற்றலுக்காக ஆத்மாவை விற்றவன் என்றதும் ஐரோப்பியர்களுக்கு நினைவுக்கு வருகிற ஆள் ஃபாஸ்ட். லத்தீனில் 'ஃபாஸ்டஸ்' என்றால் மங்கலமானவன், அதிர்ஷ்டசாலி. நம் பக்கத்தில், விக்கிரமாதித்தனைச் சுடுகாட்டுக்கு அனுப்பி வேதாளத்தைச் சுமந்துவர வைத்து, கடைசியில் அவனையே பலிகொடுக்கத் திட்டமிட்ட துறவியை எடுத்துக்கொள்ளுங்கள். 'கதாசரித்சாகரம்' அவனுக்குத் தரும் பெயர் க்ஷாந்திசீலன். பொறுமையே இயல்பாகக் கொண்டவன் என்று பொருள். நாள் தவறாமல் அரசனிடம் ஒரு பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான். ஒவ்வொரு பழத்துக்குள்ளும் ஒரு ரத்தினம். அவன் பொறுமைசாலி என்பதில் பொய்யே இல்லை. அந்தப் பொறுமைதான் பயமுறுத்துகிறது.

ஆகவே பிறந்த வீட்டுப் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது இருட்டையும் ரத்தத்தையும் தேட வேண்டாம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு யாரும் 'அந்தகாரன்' என்று பெயர் வைப்பதில்லை. நல்லதம்பி, பொறையன், அருமைநாயகம், தங்கம்மாள் என்று வீட்டில் வைக்கிற பெயரையே வையுங்கள். பின்னால் அவன் செய்யப்போகும் காரியம் அந்தப் பெயரின் பொருளைக் கொஞ்சம் திருகினால் போதும்.

நம்மிடம் இன்னொரு வகைப் பெயரும் உண்டு. வார்லாக் எழுதுகிறவருக்கு இது புதையல். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்ததாவது தங்கட்டும் என்று பிச்சை, குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். சாவு இந்தப் பிள்ளையைக் குப்பையென்று நினைத்து விட்டுவிட்டுப் போகட்டும் என்ற கணக்கு. அல்லது தெய்வத்திடம் இரந்து வாங்கிய பிள்ளை என்ற நன்றி. இரண்டிலுமே ஒரு பேரம் இருக்கிறது. பிச்சை என்கிற பையன் பேசத் தொடங்குவதற்கு முன்பே அவன் பேரில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டுவிட்டது. பெண் குழந்தைகள் போதும் என்று 'போதும்பொண்ணு' எனப் பெயரிடப்பட்டவளும் அப்படித்தான். அவளிடம் ஒரு சக்தி வந்து, "உனக்கு எவ்வளவு வேண்டும்?" என்று கேட்கிறது என்று வையுங்கள். கதையின் பாதி அங்கேயே எழுதியாகிவிட்டது. இந்தப் பெயரை விளக்காதீர்கள். தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது.

ஊர் வைக்கிற பெயர்

1951இல் வந்த 'பாதாள பைரவி' படத்தில் எஸ்.வி. ரங்காராவ் நடித்த மந்திரவாதியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்தப் பாத்திரத்தை எல்லாரும் நினைவில் வைத்திருப்பது நேபாள மாந்திரீகன் என்றுதான். சொந்தப் பெயர் தேவைப்படவில்லை. எங்கிருந்தோ வந்தவன், வித்தை தெரிந்தவன். ஊருக்கு அது போதும். கேரளத்துக் கதைகளில் வரும் கடமற்றத்துக் கத்தனாரும் அப்படியே. கடமற்றம் ஊர், கத்தனார் என்பது சிரியன் கிறிஸ்தவப் பாதிரியாருக்கான சொல். ஊரும் தொழிலும் சேர்ந்தால் பெயர்.

பயப்படுகிற ஆளை ஊர் நேரடியாகப் பெயர் சொல்லி அழைக்காது. சுற்றி வளைத்துத்தான் குறிப்பிடும். அவன் இருக்கும் இடம், உடம்பில் உள்ள குறி, செய்த காரியம், கூடவே திரிகிற மிருகம் ஆகியவற்றில் ஒன்று பெயராகிவிடும். இந்த வகைப் பெயரைக் கட்டுவதற்குச் சங்க இலக்கியத்தைவிட நல்ல பட்டறை கிடையாது. இயற்பெயர் தெரியாத புலவர்களுக்கு அவர்கள் பாட்டில் வந்த தொடரையே பெயராக வைத்தார்கள்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார், மீனெறி தூண்டிலார், விட்டகுதிரையார். ஒரு காட்சியும் ஓர் 'ஆர்' விகுதியும், அவ்வளவுதான். இந்த அச்சில் உங்கள் பாத்திரத்தை வார்த்துப் பாருங்கள். நிழலை அடகு வைத்தவன் ஒருவன் இருந்தால் அவன் 'நிழலில் முன்றிலார்'; அவன் வாசலில் நிற்கும் எதற்கும் நிழல் விழாது. எசமானுக்கு நாவைக் கொடுத்துவிட்டு மந்திரம் வாங்கியவள் 'அவியா விளக்கினார்' ஆகலாம். பேச முடியாததால் விளக்கை ஆட்டித்தான் பதில் சொல்கிறாள்.

மன்னர்களின் பெயர்களிலும் இரண்டு உத்திகள் ஒளிந்திருக்கின்றன. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளி என்பவை செய்த சடங்கால் வந்த அடைமொழிகள். வார்லாக்கின் வாழ்க்கையில் முக்கியமானதே அவன் செய்த சடங்குதானே! இன்னொன்று, குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி என்பதுபோல இறந்த இடத்தால் பெயர் பெறுவது. உயிரோடிருக்கும் வார்லாக்கைச் சிலர் இப்படி அழைத்தால் என்ன ஆகும்? 'கல்லணைத் துஞ்சிய' என்ற அடைமொழி முப்பது வயதுக்காரன் ஒருவனுக்கு இருக்கிறது. அவன் எங்கே சாகப்போகிறான் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அவன் அந்தப் பக்கமே போவதில்லை. ஒரு குறுநாவலுக்குத் தேவையான இழுவிசை இந்த அடைமொழியிலேயே இருக்கிறது.

சித்தர் பெயர்களும் இதே மரபுதான். அகப்பேய், குதம்பை, பாம்பாட்டி, அழுகணி என்று எதை விளித்துப் பாடினார்களோ, எப்படிப் பாடினார்களோ, அதுவே பெயரானது. ஆனால் அந்தப் பெயர்களை அப்படியே எடுத்துக் கொடியவன் தலையில் வைக்க வேண்டாம். வழிமுறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எசமானின் பெயர்

நான் படித்த பெரும்பாலான தமிழ் மிகுபுனைவுகள் இடறுவது இங்கேதான். பாதாளத்தின் அடியில், மனிதன் பிறப்பதற்கு முன்பிருந்தே கிடக்கிற ஒன்றுக்கு 'கருடவர்மன்' மாதிரி ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். பல்லவ அரசன்போல ஒலிக்கிறது. உடனே வரி வசூலிக்க வந்துவிடுவான் போலிருக்கிறது. மறுபக்கம், மேலை விளையாட்டுகளைப் பார்த்துப் பெயருக்கு நடுவே மேற்குறி போட்டு எழுதுகிறவர்கள். ரோமன் எழுத்தில் அந்தக் குறி ஏதோ ஒரு தொண்டையடைப்பைக் காட்டும். தமிழ் எழுத்தில் அச்சுப்பிழையாகத்தான் தெரியும்.

அந்நியத்தைத் தமிழுக்குள்ளேயே உண்டாக்க முடியும். அதற்கு இலக்கணம் உதவுகிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டு மெய்களின் வரிசையில் தமிழ்ச்சொல் தொடங்காது. க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மறந்திருப்போம். ஆனால் நாக்குக்கு மறக்கவில்லை. ரவியும் லதாவும் டேவிட்டும் வந்த பிறகு ர, ல, ட மூன்றும் பழகிவிட்டன. ஆனால் ழகரத்திலோ ளகரத்திலோ றகரத்திலோ தொடங்கும் பெயரைப் பார்த்தால் வாசகரின் வாய் இன்றும் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம்தான் உங்களுக்கு வேண்டியது. எழுத்து எல்லாம் நம் எழுத்து, சேர்க்கை மட்டும் நம்முடையது இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கட்டிப் பார்ப்போம். ஏரி மதகுக்கு அடியில் ஒன்று கிடக்கிறது. அதன் பெயர் 'ழூமத்'. தொடக்கம் ழகரம், முடிவு வல்லின மெய். இரண்டு விதியையும் மீறியாயிற்று, ஆனாலும் சொல்ல முடிகிறது. ('ழ்ற்கட்' என்று வைத்தால் வாசகர் அதைப் படிக்காமல் தாண்டிப் போவார். நூறு பக்கம் தாண்டிக்கொண்டே இருப்பார்.) இப்போது இந்தப் பெயரை ஊர் வாயில் போடுங்கள். ஊர் வாய் எதையும் வழவழப்பாக்காமல் விடாது. மகிராவணன் தமிழில் மயில்ராவணன் ஆனது அப்படித்தான். ஊரார் முதல் ழகரத்தை விழுங்கி, கடைசியில் ஓர் உகரம் சேர்த்து 'ஊமத்து' என்பார்கள். 'ழூமத்தை' என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்லும்போது அது 'ஊமத்தை' என்றே காதில் விழும். விஷச்செடி ஒன்றின் பெயர் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைகள் அதை ஊமத்தன் ஆக்கிவிடுவார்கள். ஆதிகாலத்துச் சக்தி ஒன்று இப்படிக் களிமண்ணும் வேலியுமாக ஊருக்குள் வந்து உட்காரும். சரியான ஒலிப்பை அறிந்தவன் வார்லாக் மட்டும்தான். அவன் 'ழூமத்' என்று திருத்தமாகச் சொல்வதைக் கேட்ட அன்றைக்கே கிழவி ஒருத்திக்கு விஷயம் புரிந்துவிடும்.

எசமானுக்கு மொழியில் உள்ள பழைய சொல்லே வேண்டும் என்றால் அணங்கு, சூர், கூளி, அலகை, கழுது என்று கிடங்கு நிறைய இருக்கிறது. குறளி வித்தை காட்டுகிறவனின் குறளியும் உண்டு. பெண் வார்லாக்குக்கு நச்செள்ளை, நப்பசலை, நப்பின்னை ஆகியவற்றில் முன்னால் நிற்கும் 'ந' பயன்படும். நல்ல, சிறந்த என்ற பொருள் தரும் பழைய முன்னொட்டு அது. அதைக் கூளியோடு சேர்த்தால் 'நக்கூளி'. மரியாதையும் பயமும் ஒரே மூச்சில் வருகின்றன. தன் குலத்துப் பெண்களைக் காத்து நிற்கும் ஒரு வார்லாக்குக்கு நான் இதைத்தான் வைப்பேன்.

எசமான் வார்லாக்கை எப்படி அழைக்கிறது என்பதையும் முடிவு செய்யுங்கள். ழூமத் தன் ஆளை 'ஏழு' என்று அழைக்கட்டும். அவனுக்கு முன் ஆறு பேர். எசமானுக்குப் பெயரைக் கற்றுக்கொள்ளும் அவசியமே இருந்ததில்லை.

தானே சூட்டிக்கொண்ட பெயர்

இங்கே ஆடம்பரம் அனுமதிக்கப்படும். வேண்டியதும்கூட. 'ஹாரி பாட்டர்' கதைகளில் டாம் ரிடில் என்ற சாதாரணப் பெயரை வெறுத்தவன், தன் முழுப்பெயரின் எழுத்துகளை மாற்றியடுக்கி வால்டமார்ட் ஆகிறான். தந்தை பெயரை அழிக்க முயன்றவன் அதே எழுத்துகளைத்தான் சுமக்கிறான். 'பால்டர்ஸ் கேட் 3' (2023) விளையாட்டில் வரும் வில் ஒரு வார்லாக். ஆனால் எல்லைப்புறங்களின் வாள் என்று வீரப்பெயர் சூட்டிக்கொண்டு திரிகிறான். அந்தப் பெயருக்குப் பின்னால் மிசோரா என்ற எசமானியோடு செய்த ஒப்பந்தமும், அதற்காக அவனை வீட்டைவிட்டுத் துரத்திய தந்தையும் இருக்கிறார்கள்.

நம் காவியத்தில் இதற்கு நிகரான ஆள் மேகநாதன். இந்திரனை வென்றதால் இந்திரசித்து. நிகும்பலையில் வேள்வி செய்து வலிமை பெறுகிறவன், மேகத்தில் மறைந்து நின்று அம்பு விடுகிறவன், வேள்வி குலைந்தால் வீழ்கிறவன். வார்லாக்குக்குரிய அத்தனை இலக்கணமும் அவனிடம் இருக்கிறது. ஆனால் புதுப்பெயர் அவனே வைத்துக்கொண்டதல்ல. உத்தரகாண்டத்தின்படி பிரமன் தந்தது. இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். பிறர் தந்த விருதுப்பெயர் நிற்கும். தானே சூட்டிக்கொண்டதைக் கதை என்றாவது ஒருநாள் பறிக்கும், பறிக்க வேண்டும்.

டோல்கீன் இதைத் தலைகீழாகச் செய்தார். அவருடைய கதைகளின் கொடியவனுக்குச் சௌரான் என்பது பகைவர்கள் வைத்த பெயர், அருவருக்கத்தக்கவன் என்று பொருள். அவனுடைய முந்தைய பெயர் மைரான், போற்றத்தக்கவன்.

நம் மதகடிக் கதைக்கு வருவோம். பெற்றவள் வைத்தது நல்லதம்பி. ஊர் முதுகுக்குப் பின்னால் சொல்வது மதகடியான். எசமானுக்கு அவன் ஏழு. அவனே கல்வெட்டில் பொறிக்கச் சொன்னது 'ஏரிகொண்டான்'. கங்கைகொண்டான், கடாரம் கொண்டான் என்ற சோழர் பட்டங்களைப் பார்த்துப் போட்டது. நான்கு பெயரையும் ஒரே அத்தியாயத்தில் இறக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் அதைச் சொல்லும் வாயோடு சேர்த்து அறிமுகப்படுத்துங்கள்.

தமிழில் எழுதுகிறவருக்கு வினைமுற்றும் பெயரின் ஒரு பகுதிதான். அம்மா "நல்லதம்பி சாப்பிட்டானா?" என்று கேட்பாள். எதிரில் நிற்கும் ஊர்க்காரர் "மதகடியார் வந்திருக்காரு" என்பார். அவன் தெருமுனை தாண்டியதும் அது "வந்துட்டுப் போறான்" ஆகிவிடும். கதைசொல்லி எந்த விகுதியில் பேசுகிறார் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். நடுவில் 'ஆன்' 'ஆர்' ஆவது ஒரு திருப்பத்துக்கு ஒருமுறை மட்டும் நடக்கட்டும்.

தொடக்கூடாதவை

ஊர்க்காவல் தெய்வங்களின் பெயர்களைக் கொடியவனுக்கு வைக்காதீர்கள். கேட்பதற்கு இருட்டாகவும் வலுவாகவும் இருப்பதால்தான் கை அங்கே போகிறது. ஆனால் சுடலைமாடனும் இருளப்பனும் பல குடும்பங்களுக்குக் குலசாமி, அந்தப் பெயரோடு உங்கள் வாசகரின் தாத்தா இருந்திருப்பார். மயிலாப்பூர் கபாலியின் பெயரைப் பழைய படங்கள் அடியாளுக்கு வைத்துவைத்து என்ன ஆயிற்று என்று பார்த்தோமே.

பழங்குடிகளின், சாதிகளின் பெயரையோ சாயலையோ சூனியத்தோடு முடிச்சுப் போடுவது அதைவிட மோசம். நீலகிரியில் குறும்பர்களைச் சூனியக்காரர்கள் என்று பழிசுமத்திக் கொன்ற நிகழ்வுகள் 19ஆம் நூற்றாண்டில் நடந்திருக்கின்றன. 'மலையாள மாந்திரீகன்' என்ற தேய்ந்த வார்ப்பும் சோம்பேறித்தனம்தான். நேபாள மாந்திரீகன் 1951இல் ஓடினான் என்பதற்காக இன்றைக்கு ஓர் ஊரை அப்படிக் குத்தகைக்கு எடுக்க முடியாது. கற்பனை உலகம் என்றால் ஊரையும் கற்பனையாகவே வையுங்கள்.

பெயரைச் சோதித்தல்

தேர்ந்த பெயரை வேற்றுமை உருபுகளோடு ஓட்டிப் பாருங்கள்: ஐ, ஆல், கு, இன், அது, கண். மதகடியானை, மதகடியானால், மதகடியானுக்கு. தடங்கல் இல்லை. 'ஸ்' என்று முடியும் பெயர்கள் இங்கேதான் நொண்டும். அடுத்து, எழுத்தைப் பார்த்து இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தமிழில் க, ச, ட, த, ப எல்லாம் இடத்துக்கேற்ப ஒலி மாறும். நீங்கள் மனதில் அதிரும் 'ப'வாக நினைத்த 'பலகன்' அவர் வாயில் அதிராமல் வந்தால் அவர் சொல்வதே சரி. அந்த ஒலிக்குப் பொருந்தாவிட்டால் பெயரை மாற்றுங்கள். ஒரே கதையில் மதகடியான், மதங்கன், மதுரன் என்று மூவர் இருந்தால் இருவருக்கு வேறு எழுத்தில் தொடங்கும் பெயர் கொடுங்கள்.

கணினி விளையாட்டுக்காகப் பெயர் தேடுகிறவர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. பெயரின் நீளத்துக்கு வரம்பு இருக்கும். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டில் அதிகபட்சம் 12 எழுத்து, இடைவெளி கிடையாது. தமிழ் எழுத்தை ஏற்கிற விளையாட்டாக இருந்தாலும் கணக்கு நாம் நினைப்பதுபோல் வராது. 'மாந்திரீகன்' நம் கணக்கில் ஆறு எழுத்து. யூனிகோடு குறியீடுகளை எண்ணினால் 11, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியும் துணைக்குறியும் தனியாக எண்ணப்படும். ரோமன் எழுத்தில் எழுதினால் ழகரத்துக்கு இரண்டு எழுத்து செலவாகும், அதையும் வெளிநாட்டு ஆட்டக்காரர் சகரமாகவோ ஜகரமாகவோதான் படிப்பார். ஆகவே திரையில் ஓடப்போகும் பெயருக்கு ழ, ற இரண்டையும் தவிர்த்துவிட்டு நெடில்களை நம்புங்கள்: கூளி, அலகை, நீலன், ஏனாதி. குரலில் அழைக்கும் குழு ஆட்டம் என்றால் இரண்டு அசைக்கு மேல் போகாதீர்கள். சண்டை நடுவில் 'தேய்புரிப் பழங்கயிற்றினார்' என்று முழுசாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவர் செத்திருப்பார்.